பட்டறைப் பக்கம்: மேசைக்குக் கீழே ஒரு றவுட்டர்



சென்ற இதழில் உளி தீட்டுவது பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டு மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் போட்டிருக்கிறார். தச்சுப் பயிற்சி முடித்தவர். ஷெல் காயத்தினால் வலது கை தோளுக்கு மேல் எழும்பாது. எதையும் இறுக்கிப் பிடிக்கவும் முடியாது. "பயிற்சியில் றவுட்டர் மெசினைத் தொடவேண்டாம் என்று என்னை விலத்தி வைத்துவிட்டார்கள். அரத்தாள் போடுவதும் பொலிஷ் அடிப்பதும்தான் கடைசிவரைக்கும் என் வேலையா அக்கா?" என்று கேட்டிருக்கிறார்.

இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. கிளிநொச்சிக்குப் பக்கத்தில் நாங்கள் ஐந்து பெண்கள் சேர்ந்து நடத்தும் பட்டறையிலும் இதே கேள்வி ஒருநாள் வந்தது. அன்று நாங்கள் கண்டுபிடித்த வழியைத்தான் இம்முறை எழுதுகிறேன்.

றவுட்டரைக் காணாத சகோதரிகளுக்கு முதலில் சிறு விளக்கம். அது இரண்டு கையாலும் பிடித்து வேலை செய்யும் ஒரு மின்மோட்டார். அதன் அடியில் ஒரு அலகு பூட்டப்படும். துளை போடும் மெசினின் அலகு துளைக்க மட்டும்தான் செய்யும். இது பக்கவாட்டிலும் வெட்டும். நிமிடத்துக்கு 10,000 தொடக்கம் 25,000 வரையான சுற்று. கதவுச் சட்டத்தில் பலகை இறங்கி நிற்கிற காடி, அலுமாரிக் கதவின் விளிம்பில் ஓடுகிற வளைவு, படச்சட்டத்தின் பின்பக்கம் கண்ணாடி குந்துகிற படி, இவை எல்லாவற்றையும் அது செய்யும். உளியால் அரை நாள் எடுக்கிற காடியைச் சில நிமிடங்களில் எடுத்துத் தரும். ஆனால் அது பாரமான சாமான். பெரிய ரகம் 5, 6 கிலோ வரும். சுவிச்சைப் போட்டவுடன் கையை ஒரு முறுக்கு முறுக்கும். அந்த நேரத்தில் பிடி தளர்ந்தால் மரமும் போகும், கையும் போகும்.

எங்களோடு வேலை செய்யும் தங்கச்சி ஒருத்திக்கு 2009இல் இடது கையின் மூன்று விரல்கள் போய்விட்டன. மரத்தைப் பார்த்தவுடனே எந்தப் பக்கம் நார் ஓடுகிறது என்று சொல்லிவிடுவாள். அளவு எடுத்தால் மயிரிழை பிசகாது. அவளை நாங்களும் அரத்தாளோடுதான் இருத்தி வைத்திருந்தோம், அவளுடைய நன்மைக்கு என்று நினைத்து. ஒருநாள் நான் சந்தைக்குப் போய் வருவதற்குள் றவுட்டரை எடுத்து ஒரு யன்னல் சட்டத்தில் வைத்துவிட்டாள். சட்டத்தின் அகலம் 2 அங்குலம். அதன்மேல் றவுட்டரின் அடித்தட்டுக்குக் குந்த இடமே இல்லை. மெசின் சரிந்து, அலகு சட்டத்தைக் கிழித்துக்கொண்டு போய், அவளுடைய சட்டைக் கையையும் பிடித்துவிட்டது. தோலில் ஒரு கீறலோடு தப்பினாள். நான் வந்து பார்க்கும்போது கிழிந்த சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். அழவில்லை. "அக்கா, மரத்துக்கு மேல மெசின் நிக்க மாட்டுதாம். அப்ப மெசினை ஒரு இடத்தில நிக்கவிட்டிட்டு நாங்கள் மரத்தைக் கொண்டுபோனா என்ன?" என்றாள்.

அவள் கேட்டது புதிய விஷயம் அல்ல என்று எங்களுக்குத் தொழில் சொல்லித்தந்த ஐயா பிறகு சொன்னார். இரண்டு கையும் நல்லாக இருக்கிற தச்சரும் ஒடுக்கமான மரத்துக்கு றவுட்டரைத் தலைகீழாக மேசைக்கு அடியில் பூட்டி, அலகை மட்டும் மேலே தெரிய விட்டுத்தான் வேலை செய்கிறார்களாம். அதாவது இது ஏலாதவருக்குச் செய்கிற சலுகை அல்ல. தொழிலில் உள்ள முறை. பயிற்சியில் எங்களுக்கு அதைக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

இனி செய்த விதம்.

மேசைக்கு 18 மில்லிமீற்றர் பிளைவூட் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, 3 அடி நீளமும் 2 அடி அகலமும் எடுத்தோம். மேலே பழைய போமைக்கா ஒட்டினோம், மரம் வழுக்கிப் போகட்டும் என்று. கால்கள் பாலை மரம். ஒரு பழைய கட்டிலின் சட்டங்கள் அவை. மேசையின் உயரம் முக்கியம். எங்களில் ஒருவருக்குச் செயற்கைக் கால், அவரால் குனிந்து நிற்க முடியாது. ஆகவே அவரை நிறுத்தி, இடுப்பு உயரத்தில் வைத்தோம். உங்கள் மேசையை உங்கள் இடுப்புக்கு வையுங்கள், புத்தகத்தில் உள்ள அளவுக்கு அல்ல.

மேசைப் பலகையில் நேரே துளைபோட்டு றவுட்டரைத் தொங்கவிடக்கூடாது. 36 மில்லிமீற்றர் தடிப்புக்குக் கீழே மெசின் நின்றால் அலகு மேலே எட்டிப் பார்க்காது. இடையில் ஒரு மெல்லிய, வளையாத தகடு வேண்டும். நாங்கள் பழைய இரும்புக்கடையில் 6 மில்லிமீற்றர் அலுமினியத் தகடு ஒன்று எடுத்து, 9 அங்குலத்துக்கு 12 அங்குலமாக வெட்டினோம். பெயர்ப்பலகை செய்பவர்களிடம் 10 மில்லிமீற்றர் அக்றிலிக் கிடைத்தால் அதுவும் சரி. 3 மில்லிமீற்றர் அக்றிலிக்கைத் தந்து "இது போதும்" என்பார்கள். வேண்டாம். அது பாரத்தில் தொய்ந்து ஒருநாள் வெடிக்கும்.

றவுட்டரின் அடியில் கறுப்புப் பிளாஸ்ரிக் தட்டு ஒன்று 3 அல்லது 4 திருகாணிகளால் பூட்டியிருக்கும். அதைக் கழற்றி எடுத்தால் அதுவே அச்சு. தகட்டின் நடுவில் வைத்துத் துளைகளை அடையாளம் பண்ணலாம். இங்கே நாங்கள் விட்ட பிழையைச் சொல்லவேண்டும். பிளாஸ்ரிக் தட்டை மறுபக்கமாகப் புரட்டி வைத்து அடையாளம் பண்ணிவிட்டோம். துளைகள் எல்லாப் பக்கமும் ஒரே தூரத்தில் இருந்தால் பிரச்சினை இல்லை. எங்கள் மெசினில் அப்படி இல்லை. மூன்று துளை போட்டபிறகு ஒன்றுதான் பொருந்தியது. தட்டின் மரத்தில் தேய்கிற பக்கம் உங்களைப் பார்த்தபடி மேலே இருக்கவேண்டும். எங்கள் தகட்டில் அந்த இரண்டு தேவையில்லாத ஓட்டைகளும் இன்றைக்கும் இருக்கின்றன. வருகிறவர்கள் அவை எதற்கு என்று கேட்பார்கள். காற்றுப் போக என்று சொல்லிவைத்திருக்கிறோம்.

தகடு பிளாஸ்ரிக் தட்டை விடத் தடிப்பு என்றால் பழைய திருகாணி எட்டாது. அதைக் கையில் கொண்டுபோய், அதே புரி உள்ளதாக, சற்று நீளமாக வாங்குங்கள். திருகாணித் தலை தகட்டுக்குள் அமிழ்ந்து போகும்படி துளை வாயை அகலமாக்கவேண்டும். தலை மேலே நின்றால் மரம் தட்டுப்படும். அலகு வெளியே வருகிற நடுத்துளையைக் கடைசியில் போடுங்கள். தகட்டை மெசினில் பூட்டிவிட்டு, கூரான அலகு ஒன்றைப் போட்டு, மின்சாரம் இல்லாமல் கையால் இறக்கி ஒரு புள்ளி வைத்தால் சரியான மையம் கிடைக்கும்.

தகடு மேசைப் பலகையோடு ஒரே மட்டமாக இருக்கவேண்டும். தகட்டை மேசைமேல் வைத்துச் சுற்றிக் கோடு கீறி, அதன் தடிப்பு அளவுக்குப் பள்ளம் எடுத்து, பிறகு அந்தப் பள்ளத்தின் உள்ளே சுற்றிலும் அரை அங்குல விளிம்பை விட்டு நடுப்பகுதியை வாளால் வெட்டி எடுத்தோம். அந்த விளிம்பில்தான் தகடு குந்தும். பள்ளம் ஒரு மயிரிழை ஆழமாகப் போய்விட்டால் மூலைகளில் சிறிய திருகாணி இறக்கி, அதைத் திருகித் திருகி மட்டம் பார்க்கலாம். ஒரு நேரான சட்டத்தை வைத்து விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தட்டினால் மரமும் தட்டும். வேலை முடிந்தால் தகட்டோடு மெசினைத் தூக்கி வெளியே வைத்துவிடுங்கள். இரவு பகலாகத் தொங்கவிட்டால் மேசை நடுவில் இறங்கிவிடும்.

அலகை உயர்த்துவதுதான் பெரிய கரைச்சல். இந்த மெசினுக்குள் இருக்கிற சுருள்கம்பி மோட்டாரை அடித்தட்டிலிருந்து விலக்கவே பார்க்கும். தலைகீழாகத் தொங்கும்போது மெசினின் பாரமும் சேர்ந்துகொள்ளும். பலமில்லாத கையால் அதைத் தூக்கிப் பிடித்து இறுக்குவது முடியாத காரியம். தங்கச்சி இதற்கும் வழி பார்த்தாள். மெசினுக்கு நேரே கீழே ஒரு தட்டு அடித்து, அதன்மேல் வாகனத்துக்கு ரயர் மாற்றுகிற ஜாக்கியை வைத்தாள். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற மோட்டார் மெதுவாக மேலே வரும். சரியான உயரம் வந்ததும் மெசினில் உள்ள பூட்டை இறுக்கிவிடவேண்டும். ஜாக்கி பக்கத்து வீட்டுத் தம்பியின் ஓட்டோவுடையது. அவருக்குக் காற்றுப் போனால் எங்கள் வேலை நிற்கும். பிறகு சொந்தமாக ஒன்று வாங்கினோம்.

அலகு பூட்டும்போது கவனிக்க இரண்டு விஷயம். தண்டை முழுதாக உள்ளே தள்ளி, பிறகு 2, 3 மில்லிமீற்றர் வெளியே இழுத்து இறுக்குங்கள். அடிமுட்ட வைத்து இறுக்கினால் பிடி சரியாக விழாது. அடுத்தது, 6 மில்லிமீற்றர் தண்டும் கால் அங்குலத் தண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீற்றர். கால் அங்குலப் பிடியில் 6 மில்லிமீற்றர் தண்டு இறுகினது போலக் காட்டிவிட்டு, ஓடும்போது கழன்று வரும். கடைகளில் இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு விற்கிறார்கள். கேட்டு வாங்குங்கள்.

மரத்தை அணைத்துக் கொண்டுபோக ஒரு நேரான சட்டம் மேசைமேல் வேண்டும். நாங்கள் அதற்கு அணைச்சட்டம் என்று பெயர் வைத்திருக்கிறோம். 3 அடி நீளமான, நன்றாகக் காய்ந்த தேக்கு. நடுவில் அலகு நிற்க ஒரு வெட்டு. ஒரு முனையைப் போல்ற் நட் போட்டு மேசையோடு பூட்டி, மறுமுனையைக் கிளாம்பினால் இறுக்கினால் போதும். அது மேசை விளிம்புக்கு நேராக நிற்கவேண்டிய அவசியமே இல்லை. அலகுக்கும் சட்டத்துக்கும் உள்ள தூரம்தான் கணக்கு. அலகு சட்டத்தின் நடுவில் நிற்பதால், மறுமுனையை 2 மில்லிமீற்றர் நகர்த்தினால் அலகருகில் 1 மில்லிமீற்றர்தான் நகரும். இதைப் புரிந்துகொண்ட அன்று எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமல்ல. விலை கூடிய சாமான் இல்லாமலே நுணுக்கமான அளவு கிடைக்கிறது.

இனி சொல்லப்போவதை இரண்டுதரம் வாசியுங்கள். மரத்தை எந்தப் பக்கமாகத் தள்ளுவது?

நீங்கள் மேசைக்கு முன்னால் நிற்கிறீர்கள். அணைச்சட்டம் அலகுக்கு அப்பால். மரம் உங்களுக்கும் அணைச்சட்டத்துக்கும் இடையில், வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாகப் போகவேண்டும். தலைகீழாக நிற்கிற அலகு மேலேயிருந்து பார்க்க மணிக்கூட்டுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றும். நீங்கள் இடப்பக்கமாகத் தள்ளும்போது அது எதிர்த்து நிற்கும். அந்த எதிர்ப்பு உங்கள் கைக்குத் தெரியும், மரம் உங்கள் சொல் கேட்கும். மாறித் தள்ளினால் அலகு மரத்தைப் பிடுங்கி எறியும்.

இதை எனக்குத் தெரிந்தும் ஒருநாள் மாறித் தள்ளினேன். பின்னேரம், கடைசிச் சட்டம். மறுமுனையில் ஒரு சிறு துண்டு வெட்டுப்படாமல் நின்றது. திருப்பி வைக்கப் பஞ்சிப்பட்டு இடப்பக்கத்திலிருந்தே தள்ளிவிட்டேன். கண் இமைக்கவில்லை. சட்டம் என் கையை விட்டுப் போய்ச் சுவரில் அடித்து இரண்டாகப் பிளந்தது. கையில் தள்ளுகட்டை இருந்தபடியால் அலகு அதைக் கொத்தியது. அந்தக் கட்டையை அணைச்சட்டத்தில் ஆணி அடித்துத் தொங்கவிட்டிருக்கிறோம். அடுத்த நாளே தங்கச்சி அணைச்சட்டத்தில் சிவப்பு மையால் பெரிய அம்புக்குறி ஒன்று கீறிவிட்டாள். இடம்பெயர்வுகளில் படிப்பை விட்ட ஒருவர் எங்களோடு இருக்கிறார். அவருக்கும் அம்பு விளங்கும்.

இன்னொன்று. அணைச்சட்டத்துக்கும் அலகுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியால் மரத்தைச் செலுத்தவே கூடாது. அலகின் ஒரு பகுதி அணைச்சட்டத்தின் வெட்டுக்குள் ஒளிந்திருக்க, தேவையான அளவு மட்டும் வெளியே நீட்டவேண்டும். ஒரே தடவையில் முழு ஆழமும் எடுக்காதீர்கள். 3 மில்லிமீற்றர் எடுத்து, பிறகு அலகை உயர்த்தி மறுபடி. 1 அடிக்குக் குறைந்த துண்டுகளை மேசையில் வைக்கவேண்டாம். நீளமான மரத்தில் வேலையை முடித்துவிட்டுப் பிறகு துண்டாக அறுங்கள். ஒரு அங்குலத்தை விட அகலமான அலகு என்றால் மெசினின் வேகத்தைக் குறையுங்கள்.

எங்கள் தங்கச்சிக்கு உண்மையில் வழிவிட்டது சீப்புப்பலகைதான். ஒரு பலகையின் முனையைச் சரிவாக வெட்டி, அதில் 3 அங்குல நீளத்துக்கு வரிசையாக வாள் கீறல் போட்டால் சீப்புப்போல வரும். அந்தப் பற்கள் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். அப்படி ஒன்றை மேசையில் பூட்டினால் மரத்தை அணைச்சட்டத்தோடு அழுத்தும். இன்னொன்றை அணைச்சட்டத்தில் பூட்டினால் மேலிருந்து கீழே அழுத்தும். பற்கள் இடப்பக்கம் சரிந்திருப்பதால் மரம் முன்னால் போகும், பின்னால் வராது. அழுத்துகிற வேலையை இரண்டு பலகைகளும் பார்த்துக்கொள்ள, கைக்கு மிச்சமாவது தள்ளுவது மட்டும். அதற்குத் தள்ளுகட்டை. மூன்று விரல் இல்லாத கையால் அவள் எடுக்கிற காடியை என்னால் எடுக்க முடியாது.

மின்சாரம் பற்றி. 2022ஆம் ஆண்டு நாளுக்குப் பல மணித்தியாலம் கரண்ட் நின்ற காலம் நினைவிருக்கும். ஒருநாள் வெட்டிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. மெசின் சுவிச் பூட்டினபடி. நாங்கள் அதை மறந்து, கதவைச் சாத்திவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டோம். கரண்ட் வந்தபோது பூட்டின அறைக்குள் றவுட்டர் தானாக ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தத்தில் எங்களுக்கு நெஞ்சு நின்றுவிட்டது. அந்த நேரம் யாராவது அலகு மாற்றிக்கொண்டிருந்தால்? அதற்குப் பிறகு கரண்ட் நின்றால் தானாகவே விழுந்து, நாங்கள் மறுபடி அழுத்தும்வரை போடாத சுவிச் ஒன்றை மேசையின் முன்பக்கம் பூட்டினோம். முழங்காலில் படாத இடத்தில், ஆனால் தேடாமல் அழுத்தக்கூடிய இடத்தில். பூட்டினது இலக்ரீசியன்தான், நாங்கள் அல்ல. அலகு மாற்றும்போது சுவிச்சை அணைப்பது போதாது, பிளக்கைக் கழற்றிக் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வையுங்கள்.

சத்தம் என்றதும் இதையும் எழுதவேண்டும். றவுட்டர் தொடங்கும்போது மெல்லிதாக ஆரம்பித்து விறுவிறு என்று உயரும் அந்தக் கூவல் எங்களில் சிலருக்குக் கிபிரை ஞாபகப்படுத்தும். முதல்தடவை போட்டபோது ஒரு அக்கா கையில் இருந்ததைப் போட்டுவிட்டு வெளியே ஓடி மதிலோடு குந்திவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து சுவிச்சைத் தொடுவதற்கு முன்னால் "போடுறன்" என்று உரத்துச் சொல்வது எங்கள் வழக்கம். மற்றவர்கள் "ஓம்" சொன்னபிறகுதான் போடுவோம். காதுக்கு மூடியும் போடுகிறோம். ஏற்கெனவே ஷெல் சத்தத்தில் காது மங்கியவர்கள் "எனக்கு என்ன இனி" என்று விடுவார்கள். மிஞ்சியிருக்கிற கேள்வியையும் இழக்காதீர்கள்.

தூசுக்கு வாய்க்கவசம் கட்டாயம். மரத்தூள் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995இலேயே வகைப்படுத்தியிருக்கிறது. சால், தொங்குகிற சங்கிலி, வளையல், விரித்த தலைமயிர் எதுவும் மேசைக்கு அருகில் வரக்கூடாது. கையுறையும் போடவேண்டாம். அலகு துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்துத்தான் இழுக்கும்.

வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு விஷயம். எங்கள் மரங்களுக்குள்ளும் காயம் இருக்கிறது. வேம்பு, முதிரை, பனை எதை அறுத்தாலும் உள்ளே ஷெல் சன்னம் இருக்கலாம். மர ஆலைக்காரரிடம் கேட்டால் உடைந்த வாள்களைக் காட்டுவார்கள். மேசையில் வேலை செய்யும்போது வெட்டு மரத்தின் அடியில் நடக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. அந்த வேகத்தில் அலகு இரும்பில் பட்டால் அதன் முனை சிதறும். ஆகவே ஒவ்வொரு பலகையையும் முதலில் பழைய ஒலிபெருக்கியில் கழற்றிய காந்தத்தால் தடவுகிறோம். காந்தம் ஈயத்தையும் பித்தளையையும் பிடிக்காது. அதற்குக் கண்தான். மரத்துக்குள் இரும்பு இருந்தால் பல மரங்களில் அதைச் சுற்றி நீலக் கறுப்பாக ஒரு கறை பரவியிருக்கும். நார் சுழித்துக் காய்ந்த தழும்பு இருந்தாலும் சந்தேகப்படுங்கள். ஐயா ஒருமுறை அப்படி ஒரு பலகையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இதை அலகுக்குக் குடுக்காதேங்கோ, அடுப்புக்குக் குடுங்கோ" என்றார்.

வேலை இருக்கிறதா என்றும் அந்தச் சகோதரி கேட்டிருக்கிறார். எங்கள் பக்கத்தில் 2012இல் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் வீடு ஒன்றுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கட்டம் கட்டமாகக் கொடுத்தார்கள். பல வீடுகளில் அந்தக் காசு சுவரோடும் கூரையோடும் முடிந்துவிட, உள்ளறைக் கதவுகள் பிறகு பார்ப்போம் என்று நின்றன. துணி தொங்கிய அந்த வாசல்களுக்குச் சனம் ஒவ்வொன்றாகக் கதவு போட்டபோது எங்களுக்கு வேலை வந்தது. சட்டம், காடி, நடுப்பலகை, எல்லாம் இந்த மேசையில்தான்.

ஆனால் மேசை வந்தபிறகு அதிகம் கேட்டு வருவது படச்சட்டம். பெரும்பாலானவர்களிடம் நல்ல படம் கிடையாது. அடையாள அட்டையில் இருந்ததைப் பெருப்பித்துக் கொண்டுவருவார்கள். இறந்தவருடைய படமா, தேடிக்கொண்டிருப்பவருடைய படமா என்று நாங்கள் கேட்பதில்லை. ஒரு அம்மா மகனின் படத்துக்குச் சட்டம் சொல்லிவிட்டுப் போகும்போது, "மேல மாலை கொழுவிற ஆணி மட்டும் வேண்டாம் பிள்ளை" என்றார். அந்தச் சட்டத்தைத் தங்கச்சிதான் செய்தாள். பூவரசு. பின்பக்கப் படியை மூன்று தடவையாக எடுத்து, முன்விளிம்புக்கு ஒரு சின்ன வளைவு போட்டாள். ஆணி இல்லை.

மட்டக்களப்புச் சகோதரிக்கு நேரடியாகச் சில வார்த்தைகள். மேசை உங்கள் இடுப்பு உயரத்தில் இருப்பதால் தோளுக்கு மேல் கையைத் தூக்கவேண்டி வராது. இரண்டு சீப்புப்பலகையும் தள்ளுகட்டையும் வைத்து நேரான காடி, நேரான விளிம்பு, படி எல்லாம் நீங்கள் எடுக்கலாம். வளைந்த துண்டுகளை அணைச்சட்டம் இல்லாமல் கையால் சுற்றி எடுக்கிற வேலை வேறு. அதற்கு இரண்டு கையிலும் பிடி வேண்டும், அதை இப்போதைக்குத் தொடவேண்டாம். அலகை இறுக்குவதற்கும் இரண்டு சாவி பிடிக்கவேண்டும், அதற்கு வெட்கப்படாமல் ஒருவரைக் கூப்பிடுங்கள். தனியாக இருக்கும்போது மெசினைப் போடாதீர்கள். முதல் கிழமை மின்சாரம் இல்லாமலே மரத்தைத் தள்ளிப் பழகுங்கள், வலமிருந்து இடம். பிறகு மலிவான பலகையில் 3 மில்லிமீற்றர் ஆழத்தில் ஒரு காடி எடுத்து, அதிலிருந்து ஒரு சாண் துண்டை அறுத்து எனக்கு அனுப்பிவையுங்கள். பார்த்து எழுதுகிறேன்.

அடுத்த மாதம் லாச்சி செய்வது பற்றி.